ஊவாவின் மலைத்தேனும் மனைத்தேனும்



நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக இறங்கிவரும் பெருவீதியும், பண்டாரவளையிலிருந்து வரும் பெருவீதியும் ஒன்றுகூடும் இடத்தில், பதுளை மாநகருக்குச் சற்று முன்னே அமைந்துள்ள சிற்றூர் ஹாலிஎல. சுற்றிலும் தேயிலை மலைகள், இடையிடையே வயல்கள், மலைச்சரிவில் வளைந்து செல்லும் புகைவண்டிப் பாதை. 1924ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் பதுளை வரை நீண்ட அப்பாதை, எங்கள் ஊரையும் தொட்டே செல்கின்றது. இவ்வூர்ப் பாடசாலையொன்றின் அதிபராகப் பணிபுரியும் யான், இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேன்.

வீதியோரத்தில் பழைய சாராயப் போத்தல்களில் நிரப்பிய தேனை விற்போரை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வி, "இது சுத்தமான தேனா?" என்பதே. சரித்திரம் படிப்பவன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இத்தேன் எந்த மலரிலிருந்து வந்தது? அம்மலரை இம்மலையில் நட்டவர் யார்? தேனைச் சேர்த்த ஈ காட்டில் இருந்ததா, வீட்டில் இருந்ததா? வீடு எனின், அது யாருடைய வீடு? இக்கேள்விகளைத் தொடர்ந்து சென்றால், ஊவா மாகாணத்தின் கதையில் ஒரு பெரும்பகுதி நமக்குத் தெரியவரும்.

நமது சித்த மருத்துவ நூலோர் தேனை ஐந்து வகையாகப் பிரித்துரைத்தனர். மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்பன அவை. பாறையில் தொங்கும் அடையிலிருந்து எடுப்பது மலைத்தேன்; மரக்கிளையில் கிடைப்பது கொம்புத்தேன்; பொந்திலும் புற்றிலும் கிடைப்பவை அவ்வப் பெயர் பெற்றன. மனிதர் வாழும் வீட்டிலே கிடைப்பது மனைத்தேன். இந்தப் பாகுபாடு சுவையை மட்டும் பற்றியதன்று. ஈ எங்கே குடியிருக்கின்றது என்பதையே நம் முன்னோர் அளவுகோலாகக் கொண்டனர் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இன்றைய விலங்கியல் அறிஞரும் இலங்கையில் தேன் சேர்க்கும் ஈக்களை நான்கு இனங்களாக வகுப்பர். முதலாவது, சிங்கள மக்கள் பம்பரா என அழைக்கும் பெருந்தேனீ. உயர்ந்த பாறையிலும் பெருமரக் கிளையிலும் ஒற்றைப் பேரடையைத் திறந்தவெளியில் தொங்கவிடுவது இது. இரண்டாவது, தாழ்நிலத்துப் புதர்களில் கையகல அடை கட்டும் சிறிய கொம்புத்தேனீ. மூன்றாவது, கொட்டாத கொசுத்தேனீ. சுவரின் சந்திலும் மரத்தின் துளையிலும் பிசினும் மெழுகும் கலந்து சிறு சிமிழ்கள் செய்து, புளிப்புச் சுவையுள்ள தேனைச் சிறிதளவே சேர்ப்பது. நான்காவது, பொந்துத் தேனீ; சிங்களத்தில் மீமெஸ்ஸா. இருளான பொந்தில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டுவதால் இதனை அடுக்குத் தேனீ என்றும் கூறுவர். இந்நான்கினுள் நாம் தரும் பானையையோ பெட்டியையோ தன் வீடாக ஏற்றுப் போதிய அளவு தேனும் தருவது இந்தப் பொந்துத் தேனீ ஒன்றே.

தேனுக்காக மனிதன் உயிரைப் பணயம் வைத்தது நேற்று இன்று அன்று. ஸ்பெயின் நாட்டின் வலென்சியாப் பகுதியிலுள்ள ஒரு குகையில், கயிற்றைப் பற்றி ஏறித் தேனடையை நெருங்கும் ஓர் உருவம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்டுள்ளது. எகிப்து நாட்டில் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட சூரியக் கோயிலொன்றின் புடைப்போவியத்தில், தேனீ வளர்ப்போர் கூடுகளின் முன் அமர்ந்து பணிசெய்யும் காட்சி உண்டு. தமிழகத்தின் குறிஞ்சி நில மக்கள் மலைத்தேன் எடுக்க மூங்கிலாற் செய்த ஏணிக்கு 'மால்பு' என்னும் தனிப்பெயரே சங்கப் பாடல்களில் வழங்குகின்றது. ஒரு தொழிற் கருவிக்குத் தனிச்சொல் இருந்ததென்றால், அத்தொழில் அக்காலத்தில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதை நாம் உய்த்துணரலாம்.

ஊவா மாகாணத்திலேயே கதிர்காமம் இருக்கின்றது. வேடர் குலத்தில் வளர்ந்த வள்ளி தினைப்புனம் காத்ததும், கிழவர் வடிவில் வந்த முருகனுக்குத் தேனும் தினைமாவும் கொடுத்ததும் நம் குழந்தைகள் அனைவரும் அறிந்த கதை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், அக்கதை நிகழ்ந்த மண் இதுவே என நம்புகின்றனர். நம்பிக்கையை ஆராய்வது என் நோக்கமன்று. ஆயினும், விருந்தினன் வந்தபோது வேடர் வீட்டில் எடுத்துக் கொடுக்கக்கூடிய சிறந்த பொருள் தேன் என்பதை அக்கதை மறவாமற் காத்து வைத்திருக்கின்றது.

சிங்கள மக்களின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சத்திலும் தேன் மணக்கின்றது. முற்பிறவியொன்றில் தேன் வணிகர் மூவர் உடன்பிறந்தார். நோயுற்ற ஒருவருக்காகத் தேன் வேண்டி வந்த புத்தத் துறவிக்கு அவர்களுள் ஒருவர் பாத்திரம் வழியும்படி தேன் வார்த்தார். அவரே மறுபிறவியில் அசோகச் சக்கரவர்த்தியானார் என்றும், துறவியைக் கடலுக்கு அப்பால் எறியுமாறு சினந்து கூறிய சகோதரர், கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையில் தேவநம்பியதீசனாகப் பிறந்தார் என்றும் அந்நூல் கூறும். ஆக, இத்தீவில் வாழும் இரு மொழியினரின் பழங்கதைகளிலும் தேன் ஈகையின் அடையாளமாக நிற்கின்றது.

கதைகளை விட்டு, கண்டவர் எழுதிய சான்றுக்கு வருவோம். 1660இல் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், தாம் கண்டவற்றை 1681இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதில் அவர் இந்நாட்டுத் தேனீக்களில் மூன்று வகையைக் கூறுகின்றார். பொந்துகளிலும் புற்றுகளிலும் வாழும் ஈக்களை மக்கள் வாயால் ஊதி வெளியேற்றி, வெறுங்கையை உள்ளே விட்டு அடைகளை எடுப்பர் என்கின்றார்; கொட்டுக்கு அஞ்சி உடம்பை மூடிக்கொள்வதும் இல்லையாம். பம்பரா ஈக்கள் உயர்ந்த கிளைகளில் அடை கட்டும் என்றும், பருவம் வந்ததும் ஊரார் நாற்பது ஐம்பது பேராகக் கூடிக் காடு சென்று தேன் சுமந்து வருவர் என்றும் எழுதுகின்றார். மூன்றாவதாக, குருட்டு ஈ என்னும் பொருளுள்ள பெயரால் வழங்கிய சிறிய கறுத்த ஈயையும் குறிப்பிடுகின்றார். அது நம் கொசுத்தேனீ என்பதில் ஐயமில்லை.

வேடரைப் பற்றி நொக்ஸ் கூறுவன இன்னும் சுவையானவை. மரத்தைக் குடைந்து, அதில் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கென வைப்பர் என்கின்றார். உப்பு அரிதான காட்டில் தேனே பதனப் பொருளாயிற்று. தேன் நீர்ச்சத்துக் குறைந்ததும் புளிப்புத்தன்மை உடையதும் ஆதலின், அதில் அமிழ்ந்த பொருளில் கிருமிகள் எளிதிற் பெருகுவதில்லை. இன்றைய விஞ்ஞானம் சொல்லும் இக்காரணத்தை அறியாமலே, அதன் பயனை அவர்கள் அறிந்திருந்தனர். மேலும், அவர்களுள் ஒரு பிரிவினர் மன்னனின் அதிகாரிகளுக்கு யானைத் தந்தம், தேன், மெழுகு, மான் இறைச்சி ஆகியவற்றைக் காணிக்கையாகக் கொடுத்து, பதிலாக அம்பும் துணியும் பெற்றனர் என்றும் நொக்ஸ் எழுதியுள்ளார்.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான காலம் கழித்து, செலிக்மன் தம்பதியர் இவ்வேடர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1911இல் ஒரு பெருநூலை வெளியிட்டனர். கொடிகளால் முறுக்கிய ஏணியில் தொங்கிப் பாறைத்தேன் எடுத்தல், அதற்கு முன் செய்யும் வழிபாடு, அப்போது பாடும் பாட்டு ஆகியன அந்நூலில் பதிவாகியுள்ளன. தேனடைகள் தொங்கும் பாறைகள் இன்னின்ன குடும்பத்துக்கு உரியவை என்னும் வழக்கு இருந்ததையும், மகளை மணந்தவனுக்கு அத்தகைய பாறையைக் கொடுக்கும் வழக்கம் இருந்ததையும் அவர்கள் குறித்துள்ளனர். பொன்னும் நிலமும் சீதனமாகக் கொடுக்கும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். எழுத்திலே இல்லாத உரிமையும் உரிமைதான் என்பதை இச்செய்தி நமக்கு உணர்த்துகின்றது. அதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

தேனுடன் வரும் மெழுகும் சாமானியப் பொருளன்று. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள், முதலில் மெழுகில் உருவாக்கப்பட்டு, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்துச் செய்யப்பட்டவை. பொலனறுவைச் சிவாலயங்களிற் கிடைத்த நடராசர் முதலிய வடிவங்களும் அம்முறையைச் சேர்ந்தனவே. நாம் கைகூப்பித் தொழும் ஆடல்வல்லானின் திருமேனிக்கு முதல் உடம்பு கொடுத்தது, பெயர் தெரியாத காட்டு ஈக்கள் கட்டிய அடையென்பது நினைக்க நினைக்க நெஞ்சை நெகிழ்விப்பது.

இனி மலைநாட்டின் பெருமாற்றத்துக்கு வருவோம். பழைய மலைக்காட்டில் 'நெலு' என்னும் செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூக்கும். தமிழர் போற்றும் குறிஞ்சிச் செடியின் பேரினத்தைச் சேர்ந்ததே இதுவும். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட நூலில், இந்த மலர்க்காலத்தையும் அப்போது காட்டை நிறைக்கும் தேனீக்களையும் வருணித்துள்ளார். ஹோர்ட்டன் சமவெளியில் 2013ஆம் ஆண்டில் நெலு பெருவாரியாகப் பூத்தபோது நாமும் அக்காட்சியைக் கண்டோம். பேக்கர் எழுதிய காலத்திலேயே அந்தக் காடுகள் காப்பிக்காக வேகமாக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. காடு போனபோது பொந்தும் போயிற்று. பொந்து போனபோது ஈயின் வீடும் போயிற்று.

ஆயினும், காப்பிச் செடி பூக்கும் செடி. மழை பெய்த சில நாட்களில் மலை முழுவதும் வெள்ளை விரித்தாற்போல் ஒருங்கே மலர்வது. மணமும் தேனும் உடையது. 1869இல் நமது பதுளை மாவட்டத்து மடுல்சீமைத் தோட்டமொன்றிலே காப்பி இலைகளில் ஆரஞ்சு நிறப் பொடிபோன்ற நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் இலங்கையின் காப்பித் தொழிலை வீழ்த்திற்று. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலையும் இயற்கையிற் பூக்கும் மரமே. வெண்ணிற இதழும் மஞ்சள் நடுவுமாக அழகிய மலர். ஆனால் நாம் வேண்டுவது பூவன்று, கொழுந்து. கிழமைக்கொரு முறை கொழுந்து எடுத்தும், சில ஆண்டுகளுக்கொரு முறை கவ்வாத்து வெட்டியும் செடியை என்றும் தளிர்க்கும் நிலையிலேயே வைத்திருக்கின்றோம். ஆகவே, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கம்பளம்போல் தோன்றும் தேயிலை மலை, தேனீயின் கண்ணுக்குப் பெரும்பாலும் பாலைவனமே.

அப்படியாயின் ஊவாவில் தேன் எவ்வாறு தங்கிற்று? விடை வியப்பானது. தேயிலைக்கு நிழல் தரவும் காற்றைத் தடுக்கவும் நட்ட, தோட்டத்து மக்கள் சவுக்கு என வழங்கும் கிரவிலியா மரம், பொன்னிறப் பூங்கொத்துகளில் தேன் சொரிவது. முள்முருங்கையும் அவ்வாறே. இவற்றினும் பெரிய கொடை யூகலிப்டஸ் மரத்தினுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து, புகைவண்டிக்கு விறகாகும் என்னும் எண்ணத்துடன் மலைநாட்டில் பரப்பப்பட்ட மரம் அது. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. மரம் மட்டும் நின்றது. பண்டாரவளை, தியத்தலாவைப் பகுதிகள் இன்று இந்நாட்டின் தேனீ வளர்ப்புக்குப் பெயர் பெற்றிருப்பதற்கு அம்மரத்தின் பூவே தலையாய காரணம். எஞ்சினுக்கென நட்டவர்கள் ஈக்கு விருந்து வைத்தார்கள்.

இவ்வளவும் மலரின் சரித்திரம். மனிதரின் சரித்திரமும் இதனுடன் பிணைந்தே உள்ளது. காட்டை வெட்டியவர்களும், காப்பியை நட்டவர்களும், தேயிலையைக் காப்பவர்களும் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரே. மலையெல்லாம் அவர்கள் கைபட்டது; மலையில் ஒரு முழம் அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. லயத்தில் ஒரு காம்பரா. முன்னே சிறு வாசல். பின்னே ஒரு கீரைப்பாத்தி. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. நாளை இங்கே இருப்போமா என்று தெரியாத குடும்பம், பல ஆண்டுகள் காத்துப் பயன்பெறும் தொழிலில் எவ்வாறு இறங்கும்?

தோட்டத்து மக்களுக்கும் தேனீக்கும் இடையே அச்சமும் நிற்கின்றது. "குளவி கொட்டித் தொழிலாளர் வைத்தியசாலையில்" என்னும் செய்தியை நீங்கள் அடிக்கடி கேட்கின்றீர்கள். சில வேளைகளில் அது மரணச் செய்தியாகவும் முடிகின்றது. என் பாடசாலையில் பயிலும் மாணவியொருத்தி ஒரு நாள் பிந்தி வந்தாள். காரணம் வினவியபோது, கொழுந்து மலையில் தாயைக் குளவி கொட்டியதாகவும், இரவெல்லாம் வைத்தியசாலையில் இருந்ததாகவும் கூறினாள். தாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று வகுப்பில் தேனீயைப் பற்றிய பாடம். அதன் சுறுசுறுப்பைப் போற்றும் அப்பாடத்தை அச்சிறுமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடத்துவது எளிதாக இருக்கவில்லை. இவ்வுரையை எழுதத் தூண்டியதும் அந்நாளே.

குளவி என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு உயிர்களை. ஒன்று மண்ணும் மரநாரும் கொண்டு கூடு கட்டும் உண்மையான குளவி. அது தேன் சேர்ப்பதில்லை. பலமுறை கொட்டவும் வல்லது. மற்றொன்று, முன்பு கூறிய பம்பரா என்னும் பெருந்தேனீ. தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும், ஈ இறந்துவிடும். உயிர் கொடுத்துத்தான் அது தன் அடையைக் காக்கின்றது. இப்பெருந்தேனீ மலர்க்காலத்துக்கேற்பத் தாழ்நிலத்துக்கும் மலைக்கும் இடையே இடம்பெயர்வது. நேற்று வெறுமையாக நின்ற மரத்தில் இன்று அடை தொங்குவது அதனாலேயே. பருந்து கொத்தினாலும், கிளை முறிந்தாலும், கல் பட்டாலும் திரளாகப் பாயும். ஆகவே மலைக்கு இறங்குமுன் மரங்களைப் பார்வையிடுதல், கூடு கண்ட இடத்தில் வேலையை நிறுத்துதல், கொட்டுப்பட்டவரை உடனே அப்புறப்படுத்திக் கொடுக்கைக் களைதல், மூச்சுத்திணறல் கண்டால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகியவை உயிர்காக்கும் ஒழுங்குகளாகும். இவை தொழிலாளி தனியே செய்யக்கூடியவை அல்ல; வேலை கொள்வோரின் கடமைகளும் ஆகும்.

வீட்டுக்கு வரும் பொந்துத் தேனீ வேறு குணமுடையது. கிராமத்தார் நெடுங்காலமாகப் பழைய மண்பானையைக் கவிழ்த்தும், குடைந்த மரத்துண்டைத் தொங்கவிட்டும் அதற்கு இடமளித்தனர். பானைத்தேன் எடுப்பதில் ஒரு குறை உண்டு. அடையைப் பிய்த்துப் பிழிய வேண்டும். குஞ்சுகளும் சேர்ந்து அழியும். ஈக்கூட்டம் வெறுத்து ஓடிவிடும். இக்குறையைத் தீர்த்தது ஒரு சிறிய அளவுக் கணக்கு. அமெரிக்கரான லாங்ஸ்ட்ரோத் 1851இல், அடைக்கும் சுவருக்கும் இடையே குறித்ததொரு சிறு இடைவெளி இருந்தால், ஈக்கள் அதை மெழுகால் அடைக்காமல் வழியாகவே விட்டுவைக்கும் என்பதைப் பயன்படுத்தி, சட்டங்களைத் தனித்தனியே தூக்கக்கூடிய பெட்டியை அமைத்தார். 1865இல் இத்தாலியில் ஹ்ருஷ்கா, அடையைச் சிதைக்காமல் சுழற்றித் தேனைப் பிரிக்கும் பொறியைக் கண்டார். இவ்விரண்டும் சேர்ந்ததும், தேன் எடுப்பது கொள்ளையாக இருந்த நிலை மாறி, வேளாண்மையாயிற்று.

மேல்நாட்டுப் பெட்டி நம் நாட்டுச் சிறிய ஈக்குப் பொருந்தவில்லை. திருச்சிராப்பள்ளிப் பகுதியிற் பணியாற்றிய இயேசு சபைத் துறவியான நியூட்டன் அடிகளார், இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அதற்கேற்ற சிறு பெட்டியை வகுத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகின்றது. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில், 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் வை. எம். சி. ஏ. இயக்கத்தின் கிராமச் சீரமைப்புப் பணியில் தேனீ வளர்ப்பையும் சேர்த்துக் கற்பித்தார். ஏழைக் குடும்பங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று பெட்டிகளாகத் தொடங்கின. இன்று மார்த்தாண்டம் என்றாலே தேன் என்னும் அளவுக்கு அது வளர்ந்துள்ளது. 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவிற் பரவிய ஒருவகை வைரசு நோய் பெரும்பாலான கூட்டங்களை அழித்தபோதும், எஞ்சியவற்றிலிருந்து மீண்டும் பெருக்கினர். சிறு குடும்பங்கள் பலவாக இருந்தமையே அத்தொழிலுக்கு மறுவாழ்வு தந்தது.

இலங்கை ஈக்கும் உலகப் புகழ் சேர்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. தேனீ தன் ஆட்டத்தால் மலர் இருக்கும் திசையையும் தூரத்தையும் தோழியருக்கு அறிவிக்கும் என்பதைக் கண்டறிந்த கார்ல் வொன் பிரிஷ், 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லின்டவர் 1950களில் இலங்கைக்கு வந்து, இங்குள்ள ஈயினங்களின் ஆட்டத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1956இல் முடிவுகளை வெளியிட்டார். சிறிய கொம்புத்தேனீ, அடையின் மேற்பரப்பில் கிடையாக நின்று மலர் இருக்கும் திசையை நேரே காட்டி ஆடுகின்றது. பொந்துத் தேனீயோ இருளில், செங்குத்தான அடையில், 'மேல்' என்பதைக் கதிரவனாகக் கொண்டு ஆடுகின்றது. வெளிச்சத்தில் பிறந்த ஆட்டம் இருளுக்கு ஏற்ப மாறிய வரலாற்றை, இத்தீவின் ஈக்களே உலகுக்குக் கற்பித்தன.

விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளையிலேயே இயங்கிவருகின்றது. பயிற்சியும் ஆலோசனையும் அங்கே பெறலாம். நம் ஈ மேல்நாட்டு ஈயைப் போல் பெருந்தொகை தேன் தராது. ஆண்டுக்கு ஒரு பெட்டியிலிருந்து சில கிலோ கிடைத்தாலே நன்று. பசி வந்தாலும் எறும்பு வந்தாலும் கூட்டை விட்டுப் பறந்துவிடும் இயல்பும் உடையது. பெட்டியின் காலை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவதும், பூவில்லாத மாதங்களில் அடையில் தேனை மிச்சம் வைப்பதும், அதற்காகவே. எடுப்பவன் கொடுக்கவும் அறிந்தால் மட்டுமே ஈ தங்கும்.

தேனை வாங்குவோருக்கும் சில சொற்கள். மலரின் நீர்த்த மதுவை ஈக்கள் சிறகால் விசிறி, நீரை வற்றச்செய்து, முதிர்ந்ததும் மெழுகு மூடியிடும். மூடியிட்ட அடையிலிருந்து எடுத்து, சூடேற்றாமல் வடிகட்டிய தேனே மணமும் குணமும் குன்றாதது. அது உறைந்து மணல்போல் ஆனால் போலியென எண்ணவேண்டாம். பல மலர்த்தேன்களுக்கு அது இயற்கை. எறும்பு மொய்க்காது, நீரில் கரையாது, திரியில் எரியும் என்னும் வீட்டுச் சோதனைகள் நம்பத்தக்கன அல்ல. ஆய்வுகூடமே கலப்படத்தைத் திட்டமாகக் கூறும். வளர்ப்பவரை அறிந்து வாங்குவது ஒன்றே நமக்கு உள்ள காவல். மேலும், பிறந்த குழந்தையின் நாவில் சேனையாகத் தேன் தடவும் வழக்கத்தை அன்புகூர்ந்து விட்டுவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு, தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் கொடிய நோயை விளைவிக்கலாம் என்பது மருத்துவர் கண்ட உண்மை.

இப்போது, பாறை உரிமையைப் பற்றி முன்னர் கூறியதற்குத் திரும்புவோம். வேடர் வேட்டையாடிய காட்டின் பெரும்பகுதி 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த பாறைக்குச் செல்வது அதன்பின் குற்றமாயிற்று. காட்டுக்குக் காவல் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், மஹியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானையில், தம் மண்ணை விட்டுப் போக மறுத்து வாழ்ந்த முதுபெருந்தலைவர் திசாஹாமி 1998இல் மறையும்வரை கேட்டதும், எழுத்தில் இல்லாத அந்தப் பழைய உரிமையையே. ஒரே மாகாணத்தில், ஒரு சாரார் பிறந்த காட்டில் உரிமை இழந்தனர்; மற்றொரு சாரார் உழைத்த மலையில் உரிமை பெறாதிருந்தனர். இரு சாராருடைய கதையையும் ஒரு தேன்துளியில் காணலாம்.

எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் உளர், தோட்டத்தில் ஓய்வுபெற்றவர். அவருடைய தமையனார் லயத்தின் தாழ்வாரத்தில் ஒரு பானையில் ஈ வைத்திருந்தார். எழுபதுகளில் ஒப்பந்தத்தின்படி குடும்பத்துடன் இந்தியா செல்ல நேர்ந்தபோது, ஆட்டுரலையும் கோழியையும் அயலாருக்குக் கொடுத்தார். பானையை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. "அதுகள் இந்த ஊர்க்காரர்கள்; இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிச் சென்றாராம். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அந்தப் பானையில் ஈ இருந்தது. தம்பி எடுத்த தேன் முழுவதையும் அயலாருக்கே கொடுத்தார். தமையனாரிடமிருந்து வந்த கடிதங்களில் ஈயைப் பற்றிய விசாரிப்பு தவறாமல் இருக்குமாம். இதை எனக்குச் சொன்ன அம்முதியவர், இன்று தம் பேரனுடன் சேர்ந்து இரண்டு பெட்டிகள் வைத்திருக்கின்றார்.

நேயர்களே, பசு வளர்க்கப் புல்வெளி வேண்டும். காய்கறி பயிரிட நிலம் வேண்டும். தேனீப் பெட்டிக்கு வேண்டியது இரண்டடி இடம். தோட்டத்து எல்லைக் கல்லும், கிராமத்து வேலியும், அரசாங்கக் காட்டின் அறிவிப்புப் பலகையும் ஈக்குத் தடையல்ல. நிலமில்லாத குடும்பத்துக்கும் அது அயல் மலைகளின் மலர்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரும். இதனாற் குடும்பத்தின் வறுமை முழுதும் தீரும் என யான் கூறேன். சம்பளத்தின் இடத்தையோ காணியுரிமையின் இடத்தையோ தேன்போத்தல் நிரப்பாது. அந்த இரண்டடி இடமும் 'என்னுடையது' என்று சொல்லும் உறுதி இருந்தால்தான் பெட்டியும் நிலைக்கும். வீட்டுரிமையும் மனைத்தேனும் ஒன்றையொன்று சார்ந்தவை.

நாம் செய்யக்கூடியனவும் உண்டு. களைகொல்லியும் பூச்சிமருந்தும் தெளிப்போர், பூக்கும் வேளையிலும் ஈக்கள் பறக்கும் பகற்பொழுதிலும் தெளிப்பதைத் தவிர்க்கலாம். ஓடைக்கரையிலும் பாதையோரத்திலும் பூக்கும் செடிகளைச் சிறிது விட்டுவைக்கலாம். அடையைத் தீப்பந்தத்தால் எரித்துத் தேன் எடுக்கும் கொடுமையைக் கைவிட்டு, மெல்லிய புகையால் விலக்கி, ஒரு பங்கு அடையை ஈக்கே விடலாம். பாடசாலைத் தோட்டத்தில், பிள்ளைகள் நடமாட்டம் இல்லாத மூலையில், பயிற்சி பெற்றவர் பொறுப்பில் ஒரு பெட்டி வைக்கலாம்.

தாயைக் குளவி கொட்டிய அம்மாணவியிடம், சில மாதங்களின் பின், அம்முதியவரின் பெட்டியிலிருந்து எடுத்த அடையின் ஒரு துண்டைக் கொடுத்தேன். நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்திருந்தாள். பின்பு, "இதையும் அந்தக் குளவிதானா ஐயா செய்தது?" என்று கேட்டாள். "இல்லை அம்மா, இது வேறு ஈ, வீட்டுக்கு வருகின்ற ஈ" என்றேன். "அப்படியென்றால் எங்கள் லயத்துக்கும் வருமா?" என்றாள்.

வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். வரும் ஈக்கு இடம் கொடுக்கும் வீடு அவளுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும் என்பதும் அதனுள் அடங்கும்.